ஏழு மேலங்கிப் பாட்டுகள்

ஸீபுர்க்
மார்ட்டின் திருநாளுக்கு அடுத்த செவ்வாய், 1312

ஹைல்விக் அம்மாளுக்கு, எர்லவினின் அண்ணன் லூட்டோல்ட் எழுதுவது.

பெயரைப் பார்த்ததும் கடிதத்தை அடுப்பில் போடத் தோன்றும். போடுங்கள், ஆனால் ஒரு முறை படித்துவிட்டுப் போடுங்கள்.

தம்பி போய்ச் சேர்ந்த செய்தி ஆறு வருஷத்துக்கு முன்பே உப்புப் படகுக்காரன் சொல்லித் தெரியும். அன்று பேராலயத்தில் தனியாக உட்கார்ந்து ஜெபம் சொன்னேன். உங்களுக்கு எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு வந்த காரியத்தைச் சொல்கிறேன்.

இந்த ஊர்ச் சபையில் ஒரு பெரியவர் இருக்கிறார். நூற்றைம்பது வருஷமாக நம் பாஷையில் பாடப்பட்ட காதல் பாட்டுகளை எல்லாம் ஒரே புத்தகமாகச் சேர்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. எழுதுகிறவர்களுக்குத் தலைவனாக என்னை வைத்திருக்கிறார். என் கீழே மூன்று எழுத்தர்கள், இரண்டு ஓவியர்கள். நீதிமன்ற எழுத்தர் வேலை போக மீதி நேரமெல்லாம் எனக்கு இதுதான். வரிசை அந்தஸ்துப்படி. முதலில் பேரரசர், பிறகு அரசர்கள், பிரபுக்கள், வீரர் குடும்பத்தார், கடைசியில் ஊர் ஊராகப் பாடிப் பிழைத்தவர்கள். ஒவ்வொருவருக்கும் முதல் பக்கத்தில் குடும்பச் சின்னம் போட்ட கேடயத்தோடு ஒரு படம்.

பாடியவன் வாய் மூடிவிட்டால் பாட்டு யாருடையது என்று இரண்டு தலைமுறையில் யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது. போன வாரம் ஒருவர் நான்கு பாட்டுகள் கொண்டுவந்தார். எல்லாம் ஒரு பிரபு பாடியது என்றார். மூன்றாவது பாட்டைப் படித்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. அது தம்பி பதினேழு வயதில் எங்கள் வீட்டுக் குதிரைக் கொட்டிலில் உட்கார்ந்து கட்டிய பாட்டு. நான் கூட இருந்தேன். இரண்டாம் அடியில் ஒரு சொல் என்னுடையது.

அவன் தன் பாட்டுகளை எல்லாம் ஒரு சுருளில் எழுதி வைத்திருந்ததாகக் கேள்வி. அது உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். எர்லவின் இல்லாமல் இந்தப் புத்தகத்தை முடிக்க எனக்கு மனமில்லை.

படகுக்காரனிடம் ஒரு பீப்பாய் உப்பு மீன் கொடுத்திருக்கிறேன். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

லூட்டோல்ட்

*

ஹோல்பாக்
கத்தரீன் திருநாள்

பேராலயக் குரு லூட்டோல்ட் அவர்களுக்கு,

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. எழுதிய தோல் எரிந்தால் வீடெல்லாம் நாறும். மீனையும் திருப்பி அனுப்பவில்லை. மீன் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லையே.

"அதை விட்டுவிட்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு சுலபமாக விட்டுவிட்டீர்கள்! பதினான்கு வருஷத்துக்கு முன் ஸீபுர்க் நீதிமன்ற ஏட்டில் இரண்டே வரி எழுதினீர்கள். மிச்சத்தை நான் எழுதுகிறேன். எனக்கும் கன்னியர் மடத்தில் எழுத்துச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

கோட்டையில் பாடினதற்குத் தருவதாகச் சொன்ன மேலங்கியை என் மனிதர் கேட்டார். அதற்காகக் கோட்டை மேலாளன் அவருடைய இடது கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினான். பிடில் வாசிக்கிற கையின் மூன்று விரல் போய்விட்டது. நியாயம் கேட்டு உங்கள் ஊருக்கு வந்தோம். நீதிபதி கேட்டார்: "நீ பாடினதுக்குப் பிரபுக்கள் உடுத்திக் கழிச்ச துணிய வாங்குறவன்தானே?" இவர், "ஆமாங்க, வாங்குறவன்தான்" என்றார். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. பாடித் துணி வாங்குகிறவனுக்கு மானம் கிடையாது, மானம் இல்லாதவனுக்கு அநியாயம் செய்தால் ஈடாகக் கிடைப்பது அடித்தவனுடைய நிழல். அதுதானே உங்கள் சட்டம்?

மேலாளனை வெயிலில் சுவரோரம் நிறுத்தினார்கள். நிழலின் கழுத்தில் ஒரு அடி அடித்துவிட்டுப் போ என்றார்கள். ஊரே சிரித்துக்கொண்டு நின்றது. இவர் சுவர்ப் பக்கம் போனார், தொப்பியைக் கழற்றினார், நிழலுக்கு ஒரு கும்பிடு போட்டார். "ஐயா, இந்தக் கூட்டத்துல நீங்க ஒருத்தர்தான் யோக்கியம். இதுவரைக்கும் யார் கையையும் ஒடிக்கல" என்றார்.

நான் நாலு வயது மகள் யூட்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "இவன் என் தம்பி, வீரர் குடும்பத்தில் பிறந்தவன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிழலுக்குப் பதிலாக நியாயம் கிடைத்திருக்கும். நீங்கள் எழுதுகிற இறகைச் சீவிக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது கேளுங்கள். யூட்டாவுக்குப் பதினெட்டு வயது. ரோமத்தோல் தைக்கிற யோஸ் என்ற பையனுக்கு அவளைக் கேட்டிருக்கிறார்கள். நல்ல பையன், கொஞ்சம் வளவள என்று பேசுவான், அது பரவாயில்லை. ஆனால் தோல் தைப்போர் சங்கத்தில் ஒரு விதி. மானமுள்ள குடியில் பிறக்காத பெண்ணை எடுத்தால் அவனைச் சங்கத்தை விட்டு விலக்கிவிடுவார்கள். விலக்கினால் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு முயல் தோலைக்கூட அவன் தொட முடியாது. நாங்கள் இந்த ஊருக்கு வந்தது அவர் போன பிறகு, இங்கே அவரை யாருக்கும் தெரியாது. அவர் துணி வியாபாரம் செய்தார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள், நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

சுருள் என்னிடம்தான் இருக்கிறது. தர மாட்டேன். பாடகன் எர்லவின் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதாதீர்கள். அந்தப் பெயரைச் சொல்லாமல் இருக்க அன்றைக்கு உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இன்னொரு முறை அப்படியே இருங்கள்.

ஹைல்விக்

*

ஸீபுர்க்
நிக்கோலாஸ் திருநாளுக்கு முந்தின நாள்

ஹைல்விக் அம்மாளுக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. நான் இறகைத்தான் சீவிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் பேராலயக் குரு இருக்கைக்கு என் பெயர் போயிருந்தது. எட்டு முன்னோர்களின் மானத்துக்குச் சாட்சி காட்ட வேண்டும். கூடப் பிறந்தவன் துணி வாங்கிப் பாடுகிறான் என்று தெரிந்தால் எட்டும் போச்சு. அப்பா வேறு உயிரோடு இருந்தார், "அவன் பேரை எடுத்தா நீயும் எனக்குப் பிள்ளையில்ல" என்று சொல்லியிருந்தார். இந்தச் சமாதானங்களை எல்லாம் பதினான்கு வருஷமாக மனப்பாடமாக வைத்திருந்தேன். இன்று எழுதிப் பார்த்தால் ஒன்றும் தேறவில்லை.

ஆனால் யூட்டாவின் விஷயத்தில் எனக்கு ஒரு வழி தெரிகிறது. ஓவியன்தான் கண்ணைத் திறந்தான். நேற்று வந்து, "சாமி, இந்த எர்லவினுக்குக் கேடயம் உண்டா, இல்லியா? இல்லன்னா படத்துல மேல்பாதி சும்மா கெடக்கும். அங்க ஒரு மரத்த வரஞ்சிரட்டா?" என்றான்.

"மரம் வேண்டாம். மஞ்சள்ல கருப்பு நாரை" என்று சொல்லிவிட்டேன். எங்கள் குடும்பக் கேடயம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

யோசித்துப் பாருங்கள். ஒரு வீரன் மனசுக்குள் இருக்கும் பெண்ணை நினைத்துப் பாடினால் அது பெருமை. இன்னொருவன் அதே பாட்டைப் பாடி மேலங்கி வாங்கினால் அவன் நிழலை அடிக்கிற ஆள். வித்தியாசம் பாட்டில் இல்லை, மேலங்கியில் இருக்கிறது. சுருளில் துணி கேட்டும் துணிக்கு நன்றி சொல்லியும் அவன் பாடியவை சில இருக்கும். அவற்றை மட்டும் விட்டுவிடுவோம். காதல் பாட்டுகளை வீரர்கள் வரிசையில், நாரைக் கேடயத்தின் கீழ் எழுதுகிறேன். நாளைக்குச் சங்கத்தில் யாராவது மூக்கை நுழைத்தால், பேரரசர் இருக்கிற புத்தகத்திலேயே யூட்டாவின் தகப்பன் இருக்கிறான் என்று காட்டலாம்.

அவனுக்கும் பெயர் நிலைக்கும், பெண்ணுக்கும் கல்யாணம் நடக்கும். இதில் யாருக்கு நஷ்டம், சொல்லுங்கள்.

லூட்டோல்ட்

*

ஹோல்பாக்
கிறிஸ்து பிறப்புக்குப் பின் நான்காம் நாள்

பேராலயக் குரு அவர்களுக்கு,

யாருக்கு நஷ்டம் என்று கேட்டீர்கள். எனக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை. அதனால் கத்தியை எடுத்தேன்.

மேலங்கிப் பாட்டுகள் ஏழு. ஒவ்வொன்றாகத் தேடி அறுத்தேன். மிச்சத்தைத் தைத்துக் கட்டி வைத்தேன். ஏழு துண்டையும் மாவுப் பானைக்குப் பின்னால் ஒளித்தேன். ரொட்டிக்கு மாவு எடுக்கப் போன யூட்டா அவற்றோடு வந்து நின்றாள்.

"என்னம்மா இது?"

"துண்டு."

"எதோட துண்டு?"

அவள் வாய்விட்டுப் படித்தாள். ஏழையும் படித்தாள். படித்து முடித்துவிட்டு என் பாவாடையைப் பிடித்துக் காட்டினாள். "இது மூணாவது பாட்டு. என் மேல்சட்டை ஆறாவது. எனக்கு அம்மை போட்டப்ப நீ போத்தின நரித்தோல் முதல் பாட்டு. எல்லாத்தையும் அறுத்துட்டியே, அப்ப நாம எதக் கட்டிக்கிட்டு நின்னோம்னு சொல்றது?"

"உன் கல்யாணத்துக்காகத்தாண்டி."

"அப்பா பாடினாரு, துணி குடுத்தாங்க. யோஸ் தைக்கிறான், அவனுக்கும்தான் குடுக்குறாங்க. இதுல யாரும்மா திருடுனது?"

சொல்லிவிட்டு முக்காடுகூடப் போடாமல் பனியில் இறங்கிப் போனாள். நேராகச் சங்க வீட்டுக்கு. தலைவர் ஹைனி வாயில் ஊசியோடு உட்கார்ந்திருந்தாராம். "எங்கப்பா துணி வியாபாரி இல்ல, பாட்டுக்காரர்" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். ஹைனி ஊசியை எடுத்துவிட்டு, "ஏம்மா, நீ சொல்லாம இருந்திருந்தா நாங்க கேட்டிருக்க மாட்டோம். சொல்லிட்டே. இனி கேக்காம இருக்க முடியாது" என்றாராம்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு வழி விட்டிருக்கிறார். இன்னும் ஐந்து வாரத்தில் வரும் மெழுகுவர்த்தித் திருநாளுக்குள் தகப்பன் வழி இரத்தச் சொந்தம் ஒருவர் நேரில் வந்து, புனிதப் பேழையில் கை வைத்து, எர்லவின் மானமுள்ள குடியில் பிறந்தவர் என்று சத்தியம் செய்ய வேண்டும். அதன்பின் சங்கம் கூடி முடிவு சொல்லும். வராவிட்டால் கல்யாணம் இல்லை. யோஸ் சங்கத்தை விட்டுவிடுகிறேன் என்கிறான். அவனுடைய அம்மா என் வாசலில் வந்து அழுதுவிட்டுப் போனாள்.

தகப்பன் வழி இரத்தம் பூமியில் ஒன்றுதான் பாக்கி இருக்கிறது.

காதல் பாட்டுகள் உள்ள சுருளை இதோடு அனுப்புகிறேன். லஞ்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாருங்கள்.

ஹைல்விக்

*

ஸீபுர்க்
மூவரசர் திருநாளுக்கு மறுநாள், 1313

அன்புள்ள ஹைல்விக்,

சுருள் வந்தது. இருபத்தாறு பாட்டுகள். என் எழுத்தர்களில் ஒருவன் கல்நெஞ்சுக்காரன், பல்வலியைத் தவிர வேறு எதற்கும் அழ மாட்டான். ஒன்பதாவது பாட்டை எழுதிவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு வந்தான். ஓவியன் நாரையை வரைந்துவிட்டான். வர்ணம்தான் பாக்கி.

இதோடு என் முத்திரையிட்ட சீட்டு இருக்கிறது. எர்லவின் என் உடன்பிறந்தவன், இன்ன குடும்பம், இன்ன கேடயம் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். ஹைனியிடம் கொடுங்கள்.

நேரில் வருவது... கோபப்படாமல் கேளுங்கள். பேழையில் கை வைத்தால் கேள்வி கேட்பார்கள். மானமுள்ளவன் என்றால் நீதிமன்றம் ஏன் அவனுக்கு நிழலைக் கொடுத்தது, அன்றைக்கு அங்கே எழுத்தர் யார் என்று கேட்பார்கள். தெரிந்தே வாயை மூடிக்கொண்டு ஒரு தவறான தீர்ப்பை எழுதியவன் நான் என்று சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் அந்த வாரமே செய்தி இங்கே வந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பெரியவர் அப்படிப்பட்டவன் கையில் புத்தகத்தை விட்டு வைக்க மாட்டார். நான் போனால் எர்லவினும் போவான். அவனுக்காக இங்கே பேச வேறு யாரும் இல்லை.

நான் இன்னும் ஒரு வருஷம் பேசாமல் இருந்தால், இருநூறு வருஷம் கழித்தும் அவன் பெயரை யாரோ படிப்பார்கள். எனக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எனக்காகவும்தான் சொல்கிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அவனுக்காகவும்.

முத்திரை போதும் என்று நம்புகிறேன். போதாவிட்டால் எழுதுங்கள், யோசிப்போம்.

லூட்டோல்ட்

*

ஹோல்பாக்
ஆக்னெஸ் திருநாள்

முத்திரை போதாது. ஹைனி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல மெழுகு. ஆனா மெழுகு சத்தியம் பண்ணாதும்மா" என்று கையில் கொடுத்துவிட்டார். இதோ திரும்பி வருகிறது.

இருநூறு வருஷம் கழித்துப் படிக்கிறவர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்களை எனக்குத் தெரியாது. யூட்டாவைத் தெரியும். இரண்டு வாரமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

வாருங்கள் என்று இனிக் கெஞ்ச மாட்டேன். ஏழு துண்டையும் அனுப்புகிறேன். ஐந்தாவதை மட்டும் படியுங்கள்.

அந்த வழக்குக்குப் பிறகு வந்த குளிர்காலம். ஒரு படகுக்காரன் மூட்டை ஒன்றை வாசலில் போட்டுவிட்டுப் போனான். யார் கொடுத்தது என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. சாம்பல் நிற மேலங்கி, நல்ல கம்பளி. வலது கை ஓரத்தில் மைக்கறை. அவர் போட்டுப் பார்த்தார், கையைத் தூக்கிக் கறையைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். "அண்ணனுக்கு இன்னும் மை சிந்துற பழக்கம் போகல பாரு" என்றார். நான், தூக்கி ஆற்றில் போடுங்கள் என்று கத்தினேன். அவர் கேட்கவில்லை. சாகும்வரை அதைத்தான் போட்டிருந்தார். அதற்குக் கட்டிய பாட்டு இது:

பெயர் சொல்லாமல் போர்வை தந்தவரே,
பெயர் சொல்லாமலே பாடுகிறேன்.
காதலியின் பெயரைக் காக்கிறவன் போல
உம் பெயரைப் பல்லுக்குள் வைத்திருக்கிறேன்.
இனி எனக்குக் குளிரில்லை.
உமக்குத்தான் இருக்கும், ஐயா, உமக்குத்தான்.

எத்தனையோ சபைகளில் இதைப் பாடியிருக்கிறார். யார் அந்தப் பெண் என்று கேட்டுக் கிண்டல் செய்வார்கள். பாட்டில் வருகிறவளின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது பாடகர்களின் மரியாதை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். ஒரு நாளும் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருக்கலாம். நான்தான் எத்தனை முறை சொன்னேன்.

ஹைல்விக்

*

ஸீபுர்க்
பேதுரு பீடத் திருநாள்

ஹைல்விக்,

இனி உன்னை நீ என்றே எழுதுகிறேன். நான் சத்தியம் செய்ய வந்த அன்று சங்க வீட்டில் யூட்டா என்னைப் "பெரியப்பா" என்று கூப்பிட்ட பிறகு நீங்கள் நாங்கள் என்று எழுத வரவில்லை.

அன்று முடிந்ததும் நான் சாப்பிடக்கூட இருக்காமல் குதிரை ஏறினதை நீ தப்பாக எடுத்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். ஹைனி கடைசியாகக் கேட்டாரே, "சாமி, அன்னிக்கு உங்க தம்பி கை ஒடிஞ்சு நின்னப்ப நீங்க எவ்வளவு தூரத்துல இருந்தீங்க?" என்று. மூன்று அடி என்று சொன்னேன். ஊர் வந்ததும் நீதிமன்றத்துக்குப் போய் அளந்து பார்த்தேன். எழுத்தர் மேஜையிலிருந்து அந்த இடம் இரண்டடிதான்.

செய்தி எனக்கு முன்னால் ஸீபுர்க் வந்துவிட்டது. பெரியவர் கூப்பிட்டு அனுப்பினார். திட்டவில்லை, ஒரு கோப்பை ஆப்பிள் மது ஊற்றிக் கொடுத்தார். "சாமி, நீங்க செஞ்சது சரி. நான் உங்க எடத்துல இருந்தா செஞ்சிருப்பனான்னு தெரியல. ஆனா இந்தப் புத்தகத்துக்கு உயிரே நம்பிக்கைதான். யார் பாட்டு யாரோடதுன்னு நாம சொல்றத ஊரு நம்பணும். வாய மூடிப் பொய் எழுதின கைன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிட்டா எல்லாப் பேரும் கெட்டுப்போயிடும்." அவர் சொன்னதிலும் தப்பு இல்லை.

புத்தகம் இப்போது வேறொருவர் கையில். கண்டிப்பானவர். எர்லவினைப் பற்றிக் கேட்டேன். நீதிமன்ற ஏட்டில் நிழல் தீர்ப்பு இன்னும் அப்படியே இருக்கிறதே, அதை மாற்றாமல் நாரைக் கேடயம் போட முடியாது என்றார். கேடயம் இல்லாமல் கடைசி வரிசையிலாவது சேருங்கள் என்று கேட்டேன். உங்கள் சிபாரிசில் எதையும் சேர்ப்பதற்கில்லை என்றார். தோலை வீணாக்கக் கூடாது என்று நாரையைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் இப்போது ஒரு சின்னப் பிரபு உட்கார்ந்திருக்கிறார். மொத்தமே இரண்டு பாட்டு, இரண்டும் சுமார்.

நீதிமன்ற எழுத்தர் வேலையும் போயிற்று. பேராலய இருக்கை இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறார்கள். மேலாளன் செத்து நாளாகிவிட்டது, அவனை இனி ஒன்றும் செய்ய முடியாது.

சுருளையும் ஏழு துண்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். துண்டுகளை அறுத்த இடத்திலேயே தைக்கப் பார்த்தேன், எனக்கு ஊசி பிடிக்கத் தெரியவில்லை. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது, ஹைல்விக். முதல் முறை பேசாமல் இருந்து அவனுடைய மானத்தை வாங்கினேன். இந்த முறை பேசி அவனுடைய பெயரை வாங்கிவிட்டேன். அந்தப் புத்தகத்தில் இருக்க அவனுக்குத்தான் எல்லாரையும் விட அதிகத் தகுதி.

சங்கம் என்ன முடிவு செய்தது? யூட்டா சாப்பிடுகிறாளா?

லூட்டோல்ட்

*

ஹோல்பாக்
தவக்காலத்து மூன்றாம் ஞாயிறு

அத்தானுக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் அழுதேன். பரவாயில்லை, அவருக்குப் புகழ் எதற்கு என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அது பொய். அவருக்கு ஆசை இருந்தது. கடைசி மாதம் படுக்கையில் கிடந்தபோது, "நான் கட்டினதுன்னு நாலு பேருக்குத் தெரியணும் ஹைல்விக், நாலே நாலு பேருக்குத் தெரிஞ்சா போதும்" என்றார். பேரரசருக்குப் பின்னால் எங்கேயோ ஒரு ஓரத்தில் அவர் பெயர் இருந்திருந்தால் எனக்கு நெஞ்சு குளிர்ந்திருக்கும். அது போய்விட்டது. வலிக்கிறது.

ஆனால் நீங்கள் குதிரை ஏறிப் போன பிறகு இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியாது. சங்கத்தார் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். ஏழு பேர் சரி என்றார்கள், ஐந்து பேர் கூடாது என்றார்கள். கூடாது என்ற ஐவரில் ஒருவர் எங்கள் தெருக்காரர். அவர் பெண்ணுக்கு யோஸை எதிர்பார்த்திருந்தார், பாவம். ஹைனியே வந்து சொன்னார். வாசலில் நின்று பனியைத் தட்டிக்கொண்டு, "உம் மச்சாண்டார் குடும்பத்தப் பத்திச் சொன்னதுக்காக நான் கை தூக்கலம்மா. நாரை, கேடயம், எட்டுப் பாட்டன் எல்லாம் எனக்கு எதுக்கு? தன் மேல குத்தம்னு ஒரு சாமி பத்துப் பேர் முன்னால சொல்லி நான் பாத்ததே இல்ல. அப்படி ஒரு ஆளு சத்தியம் பண்ணா நம்பலாம்னு தோணிச்சு" என்றார். அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்து யூட்டாவிடம், "நீயும் கொஞ்சம் வாயக் கொறச்சுக்க. யோஸ் பாவம்" என்றார். அவள் அன்றைக்கு மூன்று கிண்ணம் கஞ்சி குடித்தாள்.

உயிர்ப்புத் திருநாள் கழிந்த இரண்டாம் திங்கட்கிழமை கல்யாணம். ஹோல்பாக் பாலத்தடியில், வெள்ளைத்துணி காயப்போடும் புல்வெளியில். நீங்கள் முதல் நாளே வந்துவிட வேண்டும். சுருளையும் துண்டுகளையும் எடுத்து வாருங்கள், நான் தைத்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. சொந்தக்காரர்கள், சங்கத்தார், ஊரார் எல்லாரும் வட்டமாக நிற்பார்கள். பெண்ணின் கையைப் பிடித்து வட்டத்துக்குள் அழைத்து வருவது தகப்பன் வழி ஆண். தகப்பன் இல்லாதபோது பெரியப்பன். அந்த இடத்தில் நிற்க மடத்திலிருந்து ஒரு வயதான சாமியாரைக் கடன் வாங்கலாமா என்று போன மாதம்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்ததும் ஹைனி மூன்று முறை கேட்பார்: "இந்தப் பொண்ணு யாரோட மக?" மூன்று முறையும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பெண்ணின் பெயர் வேண்டாம், உங்கள் பெயர் வேண்டாம். தகப்பன் பெயரும் அவர் செய்த தொழிலும் மட்டும்.

நானூறு பேராவது நிற்பார்கள். ஆற்றுச் சத்தம் வேறு இருக்கும். சங்க வீட்டில் நீங்கள் பேசியது பின்வரிசைக்குக் கேட்கவே இல்லை என்று சொன்னார்கள். இந்த முறை சத்தமாகச் சொல்லுங்கள், அத்தான்.

ஹைல்விக்